வேரடிச் சுற்றம்

கலைப்பீடத்திற் பயிலும் மாணவியொருத்தி மண்ணிலுள்ள பற்றீரியாக்களைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். இப்பொருள் கமத்தொழிற்பீடத்தாருக்கும் விஞ்ஞானபீடத்தாருக்குமே உரியது என்றும், கலைப்பீடத்தார் இலக்கியம், வரலாறு, மொழி என்பவற்றோடு நின்றுகொள்ள வேண்டுமென்றும் ஒரு வழக்கு நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆயினும், ஒரு சொல்லை எடுத்து அதன் பொருள் பொருந்துமா, பொருந்தாதா என்று ஆராய்வது எமது பீடத்தாருக்கு விலக்கப்பட்ட தொழிலன்று. இக்கட்டுரைக்குக் காரணமாய் அமைந்ததும் ஒரு சொற்றொடரே. 'மண் செத்துப் போச்சு' என்பது அது.

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் குடும்பமொன்றிலே பிறந்தவள் நான். எமக்குள்ளது மூன்று ஏக்கர் வயல். பெரும்போகம் மழையோடு வரும். சிறுபோகமோ குளத்தின் நீர்மட்டத்தையும் கமக்காரர் கூட்டத் தீர்மானத்தையும் பொறுத்தது. எனது பல்கலைக்கழகச் செலவும் தம்பியின் பாடசாலைச் செலவும் அவ்வயலின் மூடைக் கணக்கிலேயே தங்கியுள்ளன. ஆதலால், மண் செத்துவிட்டது என்று என் தந்தையார் சொல்லும்போது அது எமது வீட்டில் உவமையாகக் கேட்பதில்லை. ஒரு மரணச் செய்தியாகவே கேட்கிறது.

அச்சொற்றொடர் எங்கள் ஊரிற் பரவலாக வழங்கத் தொடங்கியது 2021ஆம் ஆண்டிலேயாகும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் தடைசெய்யப்பட்டது. 1962 முதல் மானிய விலையிற் பசளை பெற்றுப் பழகிய கமக்காரர், ஒரே ஆண்டில் சேதனப் பசளைக்கு மாறும்படி பணிக்கப்பட்டனர். நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டபோது நாட்டின் பல பகுதிகளிலே விதைப்பு நடந்தேறியிருந்தது. 2020/21 பெரும்போகத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கிற்று. எமது வயலில் ஏக்கருக்கு 28 மூடை கண்ட இடத்திலே 13 மூடை கண்டோம். யூரியா மண்ணைக் கொன்றுவிட்டது என்று ஒரு சாராரும், யூரியாவின்றி மண்ணால் ஒன்றும் ஆகாது என்று மறு சாராரும் வாதிட்டனர். இரு சாராரும் மண்ணைப் பற்றிப் பேசினரேயன்றி மண்ணுக்குள் நிகழ்வதைப் பற்றி அதிகம் பேசினாரல்லர். அவ்வாண்டிலேயே, சீனாவிலிருந்து வரவிருந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பற்றீரியாக்கள் காணப்பட்டன என்று தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையினர் அறிவிக்க, உற்பத்தியாளர் அதனை மறுக்க, 'பற்றீரியா' என்ற சொல் தேநீர்க்கடைகள் வரை வந்து சேர்ந்தது.

இவ்வாண்டு பெரும்போகத்துக்கு ஆயத்தம் செய்கையில் என் தந்தையார் ஒரு போத்திலைக் கொண்டுவந்து வைத்தார். உயிர்ப்பசளை என்று விற்கப்படும் பற்றீரியாக் கலவை அது. "யூரியாவைப் போட்டுப் போட்டு மண் செத்துப் போச்சு பிள்ளை. இனி இதுக்குள்ள இருக்கிறதுதான் உயிர் குடுக்குமாம். வாங்கட்டோ, விடட்டோ? நீ படிக்கிற பிள்ளை, விசாரிச்சுச் சொல்லு" என்றார். மூன்று ஏக்கருக்கும் அதனை வாங்குவதாயின் யூரியாவுக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அதற்கு மாற்ற வேண்டும். படிக்கிற பிள்ளை என்ற பெயருக்கு உரியவளாக நான் கமத்தொழிற்பீடத்து நண்பர்களிடமும் நூலகத்திலுமாக விசாரிக்கத் தொடங்கினேன். அவ்விசாரணையிற் கண்டவற்றையே இங்கு தொகுத்துரைக்கின்றேன்.

பயிரின் வேரைச் சூழ்ந்துள்ள மண், ஏனைய மண்ணைப் போன்றதன்று என்பதை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தவர் லோறன்ஸ் ஹில்ற்னர் என்னும் ஜேர்மானியர். 1904ஆம் ஆண்டில் அவர் அம்மண்ணுக்கு ஒரு தனிப்பெயரே இட்டார். தமிழில் அதனை வேர்ச்சூழ் மண் எனலாம். அதன் தடிப்பு சில மில்லிமீற்றர் மாத்திரமே. இலையிலே சூரிய ஒளியைக்கொண்டு ஆக்கிய வெல்லங்களிலும் அமிலங்களிலும் கணிசமான ஒரு பங்கைத் தாவரம் வேர்வழியே வெளியே கசியவிடுகிறது. அதனை உண்ண வருவன பற்றீரியாக்கள். சாதாரண வளமான மண்ணில் ஒரு கிராமுக்கு 10 கோடி முதல் 100 கோடி வரையிலான பற்றீரியாக்கள் இருக்கக்கூடும். வேர்ச்சூழ் மண்ணிலோ அவற்றின் தொகை இன்னும் பன்மடங்காகும். 'சுற்றம்' என்ற தமிழ்ச் சொல் சூழ்ந்திருப்பதையும் உறவையும் ஒருங்கே குறிப்பது. வேரடியில் உள்ளவற்றுக்கு அதனினும் பொருத்தமான பெயரை நான் காணவில்லை.

இச்சுற்றம் எல்லாப் பயிர்க்கும் ஒரே தன்மையதன்று. பயறு, உழுந்து, கச்சான் முதலிய அவரையினப் பயிர்கள் றைசோபியம் என்ற பற்றீரியாவைத் தம் வேருக்குள்ளேயே அழைத்து, கணு என்னும் வீட்டைக் கட்டிக் கொடுத்துக் குடியிருத்துகின்றன. அது வளியிலுள்ள நைதரசனைப் பதித்துக் கொடுக்கிறது. பயிர் உணவு கொடுக்கிறது. இவ்வுறவு உறுதியானது. ஆதலாலேதான் 1896ஆம் ஆண்டளவிலே நொப்பே என்பாரும் ஹில்ற்னரும் அவரையினப் பயிர்களுக்கென ஆக்கிய பற்றீரியாக் கலவை விற்பனைப் பொருளாக நிலைத்தது. நெல், கோதுமை, சோளம், குரக்கன் ஆகிய தானியப் பயிர்களோ அவ்வாறு எவரையும் வீட்டுக்குள் குடியிருத்துவதில்லை. அவற்றின் வேரடியில் உள்ளவை கசிவை உண்டு வாழும் அயலவர் கூட்டம். இன்று இருப்பர், நீரும் உணவும் மாறின் நாளை வேறொருவர் அவ்விடத்துக்கு வருவர். தானியப் பயிர்க்கு இடும் பசளையையும் பற்றீரியாவையும் பற்றிய பேச்சு முழுவதும் இந்த வேறுபாட்டை அடியாகக் கொண்டே அமைதல் வேண்டும்.

இனி, பசளை இச்சுற்றத்தை என் செய்கிறது என்று பார்ப்போம். முதலில் மனங்கொள்ள வேண்டியது யாதெனில், யூரியாவை நெல் பெரும்பாலும் யூரியாவாகவே உண்பதில்லை என்பதாம். மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் பிறவும் சுரக்கும் நொதியமொன்று அதனை உடைத்து அமோனியாவாக்கிய பின்பே அது பயிருக்கு உணவாகிறது. அமோனியத்தை வேறு சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. ஆகவே பைக்குள் இருக்கும் பசளையும் பற்றீரியாவின் கைப்பட்டே பயிரைச் சேர்கிறது. எனினும் இம்மாற்றத்தின்போது அமிலம் தோன்றுகிறது. பசளையால் மண் அமிலமாகிறது என்று நாம் சொல்வது பெரும்பகுதியும் பசளையை உண்ட பற்றீரியாக்கள் ஆக்கிய அமிலமேயாம். அமிலம் மிகுந்தால் அதே சுற்றத்தின் ஏனைய உறுப்பினர் பலர் நலிவடைவர்.

இதற்குப் பழமையான சான்று இங்கிலாந்திலே உள்ளது. றொதாம்ஸ்ரெட் என்னுமிடத்தில் லோஸ், கில்பேட் என்னும் இருவர் 1843இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றுவரை நடைபெற்று வருகிறது. ஒரு துண்டுக்கு அன்றுமுதல் எதுவும் இடப்படவில்லை. ஒரு துண்டுக்குப் பட்டி எரு. வேறு துண்டுகளுக்கு இரசாயனப் பசளை. எதுவும் இடாத துண்டு நூறாண்டுக்கு மேலாக எக்டேயருக்கு ஏறத்தாழ ஒரு தொன் தானியத்தை மாத்திரம் தந்து வந்தது. எரு இட்ட துண்டின் சேதனப் பொருள் அதனைப்போல் இருமடங்குக்கும் மேலாயிற்று. அதற்கேற்ப நுண்ணங்கிகளும் பெருகின. இரசாயனப் பசளை மாத்திரம் இட்ட துண்டுகளிலோ மண் சாகவில்லை. ஒன்றுமே இடாத துண்டைவிட அங்கே சேதனப் பொருள் சற்று மிகுதியாகவே காணப்பட்டது. பயிர் நன்கு வளர்ந்தமையால் வேரும் அடிக்கட்டையும் மண்ணுக்குக் கூடுதலாகக் கிடைத்தமையே காரணம். ஆனால் 1876இல் உவோபேண் என்ற இடத்தில் மணற்பாங்கான மண்ணிலே தொடங்கிய பரிசோதனை வேறு கதை சொல்லிற்று. ஆண்டுதோறும் அமோனியம் சல்பேற்று இட்ட துண்டுகள் சில பத்தாண்டுகளுள் அமிலமாகிப் பார்லியையும் கோதுமையையும் விளைவிக்கத் தவறின. முன்னைய மண்ணிலே சுண்ணாம்பு இருந்தது. பின்னைய மண்ணிலே அமிலத்தைத் தாங்க எதுவும் இருக்கவில்லை.

2014ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வொன்று உலகெங்கும் நடைபெற்ற 64 நீண்டகாலப் பரிசோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து நோக்கிற்று. பசளை இடாத துண்டுகளோடு ஒப்பிடுகையில் இரசாயனப் பசளை இட்ட துண்டுகளில் நுண்ணங்கிகளின் மொத்தத் திணிவு சராசரியாக 15.1 வீதம் கூடியிருந்தது. ஆனால் மண்ணின் பீஎச் பெறுமானம் 5க்குக் கீழே இறங்கிய இடங்களில் அது குறைந்திருந்தது. அவை நெல்வயல்கள் அல்ல, மேட்டுநிலப் பயிர்கள். எனினும் 'பசளை மண்ணைக் கொல்லும்' என்ற பொதுக்கூற்றை அத்தரவுகள் தாங்கவில்லை. அதற்காகப் பசளை ஒன்றும் செய்யாது என்றும் கொள்ளலாகாது. அது சுற்றத்தின் தொகையைக் காட்டிலும் அதன் உறுப்பினரையே மாற்றுகிறது. நைதரசன் தாராளமாகக் கிடைக்குமிடத்தில் விரைந்து உண்டு விரைந்து பெருகுவன முன்னே வருகின்றன. வளியின் நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாக்களோ பின்னடைகின்றன. நைதரசன் பதித்தல் சக்தியைப் பெரிதும் விழுங்கும் வேலை. கேளாமலே கைக்கு வரும் ஒன்றை உழைத்துத் தேடுவார் இலர் அன்றோ?

நெல்வயலில் இந்நட்டம் சிறிதன்று. நீர் நிற்கும் வயலின் சேற்றுக்குள் ஒட்சிசன் புகுவதில்லை. மேற்பரப்பிலுள்ள மெல்லிய படையிலும், நெல் தன் தண்டின் காற்றறைகள்வழியே ஒட்சிசனை இறக்கிவிடும் வேரைச் சுற்றியுமே அது உண்டு. ஆதலால் ஓரங்குல இடைவெளிக்குள் இருவேறு உலகங்கள் அமைகின்றன. மேற்படையில் ஆக்கப்படும் நைத்திரேற்று சேற்றுக்குள் இறங்கியதும், அங்குள்ள பற்றீரியாக்கள் அதனை நைதரசன் வாயுவாக்கி வளிக்கே திருப்பியனுப்பிவிடுகின்றன. வேறொரு பகுதி நீரின்மேலிருந்தே அமோனியாவாக ஆவியாகிறது. வயலில் எறியும் யூரியாவின் நைதரசனிற் பெரும்பாலும் பாதிக்கும் குறைவே நெல்லைச் சேர்வது இதனாலேயாம். மறுபுறம், நிற்கும் நீரில் வாழும் நீலப்பச்சை அல்காக்கள் எனப்படும் பற்றீரியாக்கள் இலவசமாக நைதரசன் பதித்துக் கொடுக்கின்றன என்பதை 1939இல் தே என்னும் இந்திய ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களிலிருந்து ஒரே வயலில் இடைவிடாது நெல் விளைவிக்கப்பட்டு வருகிறது. நைதரசன் பசளையே இடாத துண்டுகள் இத்தனை பத்தாண்டுகளின் பின்னும் குறைந்த அளவிலேனும் விளைந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஊட்டுபவர் இச்சுற்றத்தாரே.

இவ்விடத்தில் எமது 13 மூடையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். யூரியா இல்லாதபோதும் ஏதோ ஒன்று அந்தப் 13 மூடையைத் தந்தது. செத்த மண் 13 மூடை தராது. அதேவேளை, விடுபட்ட 15 மூடையைச் சேதனப் பசளையால் ஒரே போகத்தில் ஈடுசெய்திருக்கவும் முடியாது. கணக்கு எளியது. 100 கிலோகிராம் யூரியாவிலே 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. கூட்டெருவில் நைதரசன் ஒன்று, ஒன்றரை வீதமென வைத்துக்கொண்டால் அதே அளவுக்கு மூன்று முதல் நாலரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற்போகத்திற் பயிருக்குக் கிடைக்கும். உக்காத வைக்கோலை உடனே மண்ணில் உழுதுவிட்டாலோ நிலைமை இன்னும் இறுக்கமாகும். வைக்கோலில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதனை உண்ணப் பெருகும் பற்றீரியாக்கள் தம் உடலைக் கட்ட மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளித்து நிற்கும். சுற்றம் தான் உண்ட பின்பே விருந்தாளிக்குப் பரிமாறும். 2021இல் மறக்கப்பட்டது மண்ணின் காலக்கணக்கே என்பது என் கருத்து.

அடுத்தது போத்தில். தானியப் பயிர்க்குப் பற்றீரியாவை இடும் எண்ணம் புதியதன்று. சோவியத் ஒன்றியத்தில் 1950களில் அசற்றோபற்றர் முதலிய பற்றீரியாக்கள் பல இலட்சம் எக்டேயரில் இடப்பட்டன. பலன் ஓரிடத்தில் தெரிந்தது, ஓரிடத்தில் தெரியவில்லை. 1970களில் பிரேசிலிலே ஜொகானா டொபரைனர் என்ற அம்மையாரும் அவர்தம் குழுவினரும் புல்லின, தானியப் பயிர்களின் வேரோடு வாழும் அசோஸ்பைரில்லம் பற்றீரியாவின்பால் உலகின் கவனத்தைத் திருப்பினர். அது நைதரசனைப் பதிக்க வல்லது; ஆயின் பயிருக்கு அதனாற் கிடைக்கும் நன்மையின் பெரும்பகுதி, அது சுரக்கும் வளர்ச்சிப் பதார்த்தங்கள் வேரைக் கிளைக்கச் செய்வதனால் வருவதென்று பின்னர் அறியப்பட்டது. இருபதாண்டுக்கால வயற் பரிசோதனைகளை மதிப்பிட்டு 1994இல் வெளியான கட்டுரையொன்று, அவற்றில் 60 முதல் 70 வீதமானவை பலனளித்தன என்றும், விளைச்சற் பெருக்கம் 5 முதல் 30 வீதம் வரையில் இருந்தது என்றும் கூறிற்று. அதாவது மூன்றில் ஒரு பங்கு பரிசோதனைகளிற் பலன் தெரியவில்லை. கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தினர், தனிப் பற்றீரியாவை விடுத்து, பங்கசும் பற்றீரியாவும் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் உயிர்ப்படலமாக அவற்றை வளர்த்து நெல்லுக்கு இடும் முறையை ஆக்கியுள்ளனர். அவர்களும் அதனை இரசாயனப் பசளையை முற்றாக நீக்கும் பொருளாகவன்றி, அதன் அளவைக் குறைக்கத் துணைசெய்யும் பொருளாகவே கருதுகின்றனர்.

பலன் ஏன் இங்ஙனம் மாறுபடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் 15 சென்ரிமீற்றர் ஆழம் வரையுள்ள மண் ஏறத்தாழ 900 தொன் நிறையுடையது. கிராமுக்கு 10 கோடி என்று குறைவாகவே கொண்டாலும், அதிலே முன்னரே வாழும் பற்றீரியாக்களுக்கு எதிரே, மில்லிலீற்றருக்கு 10 கோடி கொண்ட ஒரு லீற்றர் கலவை இடுவது, ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் வாழும் நகருக்குள் ஒருவரை அனுப்புவதற்கு ஒப்பாகும். அந்நகரில் வீடுகளெல்லாம் நிறைந்துள்ளன. உணவுக்குப் போட்டி கடுமையானது. பற்றீரியாக்களையே உண்டு வாழும் ஓரணு உயிர்களும் பல. புதிதாய்ப் புகும் பற்றீரியாக்கள் சில வாரங்களுள் பெருமளவு குறைந்துவிடுவது ஆய்வாளர் பலமுறை கண்ட உண்மை. ஆகவே அதனை வயலெங்கும் தெளிப்பதைக் காட்டிலும், விதையிலே பூசியோ நாற்றின் வேரை நனைத்தோ, வேர் பிறக்கும் இடத்திலேயே முதற்குடியாக அமர்த்துவதே அறிவுடைமை. போத்திலுக்குள் உயிரோடு எத்தனை உள்ளன என்பது அதனினும் முதன்மையான வினா. வெயில் படும் கடைத்தட்டிலே மாதக்கணக்கில் இருந்த போத்திலுக்குள் இருப்பது வெறும் நீராகவும் இருக்கலாம்.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருக்கையில், எமக்கு நன்கு அறிமுகமான ஒருவர் நினைவுக்கு வந்தார். வள்ளுவர் உழவு அதிகாரத்திலே, ஒரு பலம் புழுதி காற்பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்கிறார். அடுத்த குறளிலோ உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்கிறார். பள்ளியிற் படிக்கும்போது இவை ஒன்றையொன்று மறுப்பனவாகவே எனக்குத் தோன்றின. 1958இல் கிழக்காபிரிக்க மண்களை ஆராய்ந்த பேர்ச் என்னும் அறிஞர், நன்றாகக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணங்கிகளின் செயல் திடீரெனப் பொங்கி நைதரசன் விடுபடுகிறது என்று காட்டினார். காய்ச்சலில் இறந்த நுண்ணங்கிகளின் உடலும், அதுவரை மறைந்திருந்த சேதனப் பொருளும் எஞ்சியவற்றுக்கு உணவாகின்றன. கோடையுழவு செய்து புழுதியிலே விதைக்கும் எமது கமக்காரர் அனுபவத்தால் அறிந்ததும் இதுவே. ஆனால் ஒவ்வொரு பொங்குதலும் மண்ணின் சேமிப்பிலிருந்தே எடுக்கிறது. எடுத்ததைத் திரும்ப வைக்காவிடின் சேமிப்புக் கரையும். அடுத்த குறள் அதற்குரியது. இரண்டும் சேர்ந்தே முழுமையான அறிவுரையாகின்றன. குழை தாழ்த்தலும், சணல் விதைத்து உழுதலும், அறுவடைக்குப் பின் வயலிலே மாட்டுப்பட்டி அடைத்தலும் நம்மவர் அச்சேமிப்பைத் திரும்ப வைத்த வழிகள். இன்று வயலோரத்தில் எரிக்கப்படும் வைக்கோல் அச்சுற்றத்தின் உணவே.

இவ்விசாரணையின் முடிவில் என் தந்தையாருக்கு நான் சொன்னது இது: மண் சாகவில்லை; அதன் சுற்றம் மாறியிருக்கிறது, அதற்குரிய உணவும் குறைந்திருக்கிறது. பையிலுள்ளது பயிருக்கு உணவு. போத்திலிலுள்ளது சில புதிய விருந்தாளிகள். சுற்றத்துக்குச் சோறு போடுவது வைக்கோலும் குழையும் எருவுமே. ஆகவே யூரியாவை ஒரேயடியாக நிறுத்தாமல் பயிர் வேண்டும் காலமறிந்து பிரித்து இடலாம். வைக்கோலை எரிக்காமல் விதைப்புக்குப் பல வாரம் முன்னரே மண்ணோடு சேர்க்கலாம். போத்திலை மூன்று ஏக்கருக்கும் வாங்காமல், ஒரு துண்டுக்கு மாத்திரம் விதையிற் கலந்து, அருகிலுள்ள துண்டை அஃதின்றி விட்டு, இரண்டின் மூடையையும் எண்ணிப் பார்க்கலாம்.

தந்தையார் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்பிடியெண்டால் நடுவில புது வரம்பு கட்டவேணும். தண்ணி இங்கால இருந்து அங்கால போனால் யூரியாவும் போகும், உன்ர பூச்சியளும் போகும். பிறகு எதை எதோட ஒப்பிடுறது?" என்றார். நான் படித்த கட்டுரைகளில் பரிசோதனைத் துண்டுகளுக்கிடையே வரம்பமைப்பது பற்றி வரும் விதியை, அக்கட்டுரைகளைக் காணாமலே அவர் எடுத்துரைத்தார். மேலும், குளத்து வாய்க்காலுக்கு அண்மையிலுள்ள துண்டு எப்போதும் ஒரு மூடை கூடத் தரும் என்றும், ஆதலால் வாய்க்காலோரத்தை இரண்டாகப் பகிர்ந்தே பார்க்க வேண்டுமென்றும் கூறினார். வரம்பு கட்டப்பட்டுவிட்டது. அறுவடைக்கு இன்னும் நாளிருக்கிறது. ஒரு போகத்து விடையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

இறுதியாக ஒன்று கூறி அமைகின்றேன். அந்தப் போத்திலின் மேலொட்டிலே உள்ளிருக்கும் பற்றீரியாவின் பெயரோ, அதன் தொகையோ, அது உயிரோடிருக்கும் காலமோ தமிழில் இருக்கவில்லை. 'மண்ணுக்கு உயிர்' என்ற விளம்பரத் தொடர் மாத்திரம் பெரிய தமிழ் எழுத்தில் இருந்தது. கமக்காரனுக்கு உவமையைத் தமிழிலும் உண்மையை அவன் அறியாத மொழியிலும் கொடுக்கும் வழக்கம் இது. பேராதனையிலே கலைப்பீடத்திலிருந்து கமத்தொழிற்பீடத்துக்கு நடந்தே போய்விடலாம். நான் இக்கட்டுரைக்காகச் சென்றுவந்தபோது, அங்கு பயிலும் தமிழ் மாணவர் தாம் ஆங்கிலத்திற் கற்றதைத் தமிழிலே எனக்கு விளக்கச் சொல் தேடி இடர்ப்பட்டனர். சொற்களை வைத்திருக்கும் நாமோ விளக்கவேண்டிய பொருளை அறியாதிருக்கிறோம். மேலொட்டில் இருக்கவேண்டிய நான்கு வரிகளை ஒரு கமக்காரன் படித்து விளங்கும் தமிழில் ஆக்குவது இவ்விரு பீடத்து மாணவரும் சேர்ந்தமர்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய பணி. அடுத்த பெரும்போகத்துக்கு முன் எமது சங்கம் அதனை மேற்கொள்ளுமாயின், வரம்பு கட்டுபவர்களுக்கு அது பயன்படும்.